நோய் கேட்கப் போனோம்

ஆண்டு விழா என்றால் அதனோடு ஒரு மருத்துவ முகாமும் நடத்துவது பம்பாய்வாழ் தமிழ்ச் சங்கங்களுக்குப் பல்லாண்டு வழக்கமாகிவிட்டது. பந்தல் போடுகிறோம், ஒலிபெருக்கி கட்டுகிறோம், டாக்டர் ஒருவரை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம், வரிசையில் நிற்போர்க்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். இவை யாவும் நற்காரியங்களே. குறைகூற நாம் முன்வரவில்லை. ஆயினும், இவ்வாண்டு தாராவியில் வாழும் நம்மவர்க்காக முகாம் நடத்தத் திட்டமிட்ட கூட்டத்தில், செயற்குழுவின் பெண் உறுப்பினர் ஒருவர் எழுப்பிய வினா எல்லாரையும் சற்று நேரம் வாய்மூடச் செய்துவிட்டது. "கண் முகாமா, சர்க்கரை முகாமா என்று இங்கே உட்கார்ந்து வாதாடுகிறோமே, அந்தச் சந்தில் இருப்பவர்களுக்கு என்ன நோய் என்று யாராவது போய்க் கேட்டீர்களா, அண்ணாச்சி?" என்றார் அவர்.

"ஆஸ்பத்திரிக் கணக்கைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமே" என்று பெரியவர் ஒருவர் விடையிறுத்தார். தெரியும்; ஆனால் யாருடைய நோய் தெரியும்? ஆஸ்பத்திரிப் படியேறியவருடைய நோய் தெரியும். ஏறாதவர் அந்தப் புத்தகத்தில் இல்லை. ஏறியும் ஒழுங்காகக் கேட்கப்படாதவர், வேறொரு நோயின் பெயரால் அதில் பதிவாகியிருப்பார். இது வெறும் ஊகமன்று. 1959இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிலையம் தோன்றிய சில ஆண்டுகளுக்குள், டி. பானர்ஜி, ஆண்டர்சன் என்னும் இருவர் துமகூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் ஓர் ஆராய்ச்சி செய்து 1963இல் வெளியிட்டனர். காசநோயாளிகள் அறியாமையால் மருத்துவரை நாடுவதில்லை என்பதே அதுகாறும் படித்தவர்கள் கொண்டிருந்த எண்ணம். அவ்விருவரும் கண்டதோ வேறு. நோயாளிகளில் பெரும்பாலோர் தம் உடலில் ஏதோ கேடு நேர்ந்திருக்கிறது என்பதை நன்கு உணர்ந்திருந்தனர். ஏறத்தாழப் பாதிப்பேர் வைத்தியசாலைக்குப் போயும் வந்திருந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து. கேட்கப் போனவர்கள் இல்லாவிடில், பழி முழுவதும் நோயாளியின் தலையிலேயே நின்றிருக்கும்.

ஆகவே, முகாமுக்கென ஒதுக்கிய பணத்தைத் தொடாமல் வைத்துவிட்டு, முதலில் ஒரு சந்தில் வீடு வீடாகச் சென்று கேட்டு வருவதென முடிவாயிற்று. நாமும் உடன் சென்றோம்.

தாராவியைப் பற்றி நம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையினின்றும் நம்மவர் அங்கே தோல் பதனிடும் தொழிலுக்காக வந்து குடியேறினர். இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சிறிதே மிகுந்த நிலத்தில் இன்று பல இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். ஆனால், அங்கே நோட்டுப் புத்தகத்துடன் ஒருவர் வாயிலில் நின்றால் இக்காலத்தில் கதவு பாதிதான் திறக்கிறது. காரணம் உண்டு. மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச்சு மாதத்தில் வீடுதோறும் கணக்கெடுப்புத் தொடங்கிற்று. 2000 ஜனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போர்க்கு ஒரு விதி. பின்னர் வந்தோர்க்கும் மேல்தளத்தில் வாழ்வோர்க்கும் வேறு விதி. "இந்த வீட்டில் எத்தனை பேர், எத்தனை ஆண்டாக இருக்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியில் ஒரு குடும்பத்தின் கூரையே தொங்கிக்கொண்டிருக்கிறது. முதல் வீட்டிலேயே ஓர் ஆச்சி நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டைக் கேக்க வந்தியளா, நோயைக் கேக்க வந்தியளா?" என்று வினவினார். நோயைத்தான் என்றோம். "அப்படின்னா உள்ள வாங்க" என்று பாயை விரித்தார்.

அன்றிரவே எங்கள் கேள்வித்தாளிலிருந்து மூன்று கேள்விகளை அடித்துவிட்டோம்: எத்தனை பேர், எப்போது வந்தீர்கள், வீடு சொந்தமா வாடகையா. புள்ளியியல் கற்ற நண்பர் ஒருவர், குடும்பத்தில் எத்தனை பேர் என்று தெரியாமல் என்ன கணக்கு எழுத முடியும் என்று மிகவும் வருந்தினார். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், அந்தக் கேள்வி நிற்கும் தாளில் வேறெந்தக் கேள்விக்கும் மெய்யான விடை வராது என்று கண்டபின் அதை வைத்துக்கொண்டு என்ன பயன்?

நேரமும் ஒரு செய்தி சொல்லிற்று. இட்டிலித் தொழில் செய்யும் குடும்பங்கள் அச்சந்தில் பல. மாலையில் மாவாட்டி, நள்ளிரவுக்குப் பின் அடுப்பேற்றி, விடியுமுன் சைக்கிளில் பாத்திரங்களைக் கட்டி நகரின் நாலா பக்கமும் அனுப்பிவிட்டு, காலை ஒன்பது பத்து மணிக்குமேல்தான் அவர்கள் கண்ணயர்கிறார்கள். காலை நேரத்தில் சென்று கதவைத் தட்டுவது அவர்களுக்கு நடு இரவில் தட்டுவதற்கு ஒப்பாகும். நாம் மாலை நான்கு மணிக்குச் சென்றோம். அப்போதுதான் ஒன்று விளங்கிற்று. வெளிநோயாளிகளைப் பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரிகளில் சீட்டு வாங்கும் நேரம் காலைவேளை. அது இவர்கள் உறங்கும் நேரம். நீராவியிலும் வெக்கையிலும் நின்று கால் நரம்புகள் சுருண்டு புடைத்திருப்போரும், சர்க்கரை நோயால் புண் ஆறாமல் இருப்போரும், உறக்கத்தையா மருத்துவத்தையா என்று நாள்தோறும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. மாநகராட்சி 2022 நவம்பரில் திறக்கத் தொடங்கிய 'ஆப்லா தவாகானா' என்னும் சிறு மருந்தகங்கள் மாலையிலும் நடைபெறுகின்றன; கட்டணமில்லை. அடுத்த தெருவில் இருந்தும் பலர் அதை அறியவில்லை. பெயர்ப்பலகை மராத்தியில் இருக்கிறது.

சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பற்றி இங்கே மிகுதியாக எழுதப் போவதில்லை. நம்மவர் இல்லங்களில் அவை இல்லாத வீடு அரிது என்பது யாவரும் அறிந்ததே.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழாயில் நீர் வரும் சில மணி நேரத்துக்குள் குடங்களையும் பீப்பாய்களையும் நிரப்பி, ஏணி போன்ற செங்குத்துப் படிகளில் மேல்வீட்டுக்கு ஏற்றுவது பெண்களின் வேலை. தோள்வலி, இடுப்புவலி என்று எந்த வீட்டிலும் தாமாகச் சொல்லவில்லை, கேட்டபோது சிரித்தார்கள். அதை ஒரு நோய் என்று எண்ணும் வழக்கமே அவர்களிடம் இல்லை. இன்னொன்றை அவர்கள் சிரித்தும் சொல்லவில்லை. பொதுக் கழிப்பிடத்துக்கு இரவில் தனியே போக அஞ்சி, மாலை ஆறு மணிக்குமேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. வயது வந்த பெண்பிள்ளைகளுக்கும் அவ்வாறே கற்பித்திருக்கிறார்கள். நீர்க்கடுப்பு அடிக்கடி வருவதற்கும் இதற்கும் உள்ள தொடர்பை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொன்னதில்லை. 2020 ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபின், அக்கழிப்பிடங்களை மாநகராட்சி நாள்தோறும் பலமுறை கழுவி மருந்தடித்ததை நம்மவர் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியின் முயற்சியைப் பாராட்டிப் பேசினார். "அந்தக் கொள்ளைநோய்க் காலத்துலதான் கக்கூஸ் கக்கூஸ் மாதிரி இருந்துச்சு" என்று ஒரு மதினி சொன்னபோது, பாராட்டா குறையா என்று நமக்கு விளங்கவில்லை.

இனி, நம் மனத்தை மிகவும் வருத்திய செய்திக்கு வருவோம். ஊரில் கணவனை இழந்தபின் மகனுடன் வந்து தங்கியிருக்கும் மூதாட்டியர் அச்சந்தில் பலர். அறுபது எழுபது வயதுக்குமேல் புதிய மொழி கற்பது எளிதன்று. ஆஸ்பத்திரியில் டாக்டர் இந்தியிலோ மராத்தியிலோ கேட்கிறார். மகன் வேலைக்குப் போய்விட்டதால், பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு உடன் வந்த பேரன் மொழிபெயர்க்கிறான். குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு என்று வலிக்கு நம் மொழியில் எத்தனை பெயர்கள்! ஒவ்வொன்றும் ஒவ்வோர் உறுப்பை, ஒவ்வொரு நோயைச் சுட்டுவது. பேரன் பத்தும் பன்னிரண்டும் வயதுப் பிள்ளை. அவனுக்குத் தெரிந்தது ஒரே சொல். பாட்டி ஐந்து நிமிடம் விரித்துரைப்பதை அவன், "தர்த் ஹை" என்று முடித்துவிடுகிறான். டாக்டரும் வலிக்கு மாத்திரை எழுதித் தருகிறார். துமகூர்க்காரர்களுக்கு இருமல் மருந்து கிடைத்தது போலத்தான் இதுவும். டாக்டரைக் குறைகூறுவதற்கில்லை, அவர் செவியில் விழுந்தது அவ்வளவே.

சொல்லத் தெரியாமை ஒன்று. சொல்லக் கூடாமை மற்றொன்று. ஆண்களாகிய நாங்கள் வாயிலுக்கு வெளியே நின்றபோது, கூட்டத்தில் அந்த வினாவை எழுப்பிய அதே உறுப்பினர் ஓர் ஆச்சியுடன் உள்ளே நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். வெளியே வந்தவர் முகம் வாடியிருந்தது. கர்ப்பப்பை இறங்கி, உட்காரவும் நடக்கவும் இடர்ப்பட்டு, பல ஆண்டுகளாக அந்த அம்மையார் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு வாழ்ந்து வருகிறார். மகனிடம் சொன்னதில்லை, மருமகளிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக்கு இருமுறை போயிருக்கிறார். இருமுறையும் இடுப்புவலி என்று மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "பேரப்பிள்ளை வாயால எதைச் சொல்லச் சொல்லுதிய, தாயீ?" என்றாராம்.

இவ்வம்மையார் ஒருவர்தாமா? மருத்துவர் இராணி பங் என்னும் பெருமாட்டியார், மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் இரண்டு கிராமங்களின் பெண்களைப் பரிசோதித்து, 1989இல் 'லான்செட்' என்னும் மருத்துவ ஏட்டில் எழுதியதை நாம் நினைத்துக்கொண்டோம். பரிசோதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 92 பேருக்குப் பெண்மை சார்ந்த நோய் ஏதேனும் ஒன்று இருந்தது. அதற்குமுன் அத்தகைய பரிசோதனையைச் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 8 பேரே. அதுவரை அந்நோய்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. அரசாங்கத்தார்க்குப் பெண் என்றால் பிள்ளைப்பேறும் குடும்பக் கட்டுப்பாடும்தான். பிள்ளை பெறும் வயதைக் கடந்தவள் அதன்பின் எந்தப் பதிவேட்டிலும் வருவதில்லை. நம் ஆச்சிமார் இருப்பது அந்த இடத்தில்தான்.

காசநோயைப் பற்றிக் கேட்பது எல்லாவற்றினும் கடினமாக இருந்தது. நெருக்கமான, வெளிச்சமற்ற வீடுகளில் அந்நோய் தழைப்பதை யாவரும் அறிவர். கோவண்டியில் ஏழைகளுக்கெனக் கட்டிய அடுக்குமாடிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால், கீழ்மாடிகளில் காற்றும் வெயிலும் புகாது நோய் மிகுந்திருந்ததை 2018இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. குடிசையை இடித்து மாடி கட்டினால் மட்டும் நோய் போய்விடாது என்பதைத் தாராவிக்காரர்களும் மனத்திற் கொள்வது நலம். நம்மவரிடம் இந்நோய் மறைவதற்கு இருட்டைக் காட்டிலும் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அது கலியாணம். பெண்ணோ பிள்ளையோ மருந்து சாப்பிடுகிறது என்ற செய்தி சந்தைக் கடந்து ஊருக்குப் போய்விட்டால், ஊரில் சம்பந்தம் பேச வாய் திறக்க முடியாது. ஆதலால் மருந்தை இங்கே ஒளித்துச் சாப்பிடுகிறார்கள்; சித்திரையிலோ ஆடியிலோ கோயில் கொடைக்கு ஊர் போகும்போது, பெட்டியில் யாரேனும் பார்த்துவிடுவார்களே என்று மருந்தை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். ஆறு மாதம் இடைவிடாமல் உட்கொள்ள வேண்டிய மருந்து மூன்றாம் மாதத்தில் முறிகிறது. முறிந்த நோய் மருந்துக்கு அடங்காத நோயாகத் திரும்பி வரக்கூடும். அந்தக் கொடிய வகைக்கு மும்பை நாடறிந்த இடமாயிற்றே.

இதில் நம்மவர் அறிய வேண்டுவன சில உண்டு. 'நிக்ஷய்' என்னும் அரசாங்கப் பதிவில் நோயாளிக்கு ஓர் எண் கொடுக்கப்படுகிறது. இங்குள்ள நிலையத்தில் முன்கூட்டிச் சொன்னால் அந்த எண்ணைக் கொண்டு ஊரிலுள்ள நிலையத்துக்குச் சிகிச்சையை மாற்றிக்கொள்ளலாம், மருந்துக்குப் பணமில்லை. சத்துணவுக்கென மாதம் 500 ரூபாயாக 2018இல் தொடங்கிய உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடையலாம் என்பதையும், அதனால் உடன் வாழ்வோர்க்குத் தனியாகத் தீங்கு மிகுவதில்லை என்பதையும் உலகுக்கு மெய்ப்பித்ததே நம் சென்னைதான். 1956இல் அங்கே தோன்றிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் 1959 முதல் வெளியிட்ட முடிவுகள் அவை. அதற்குமுன் வசதியுள்ளவன் சானடோரியத்துக்குப் போனான். மற்றவன் காத்துக் கிடந்தான்.

நிற்க. எல்லாச் சந்திப்புகளும் முடிந்தபின் செயற்குழு கூடிற்று. எத்தனை வீட்டில் என்னென்ன நோய் என்று ஒரு பட்டியல் தயாரித்து, ஆண்டு விழாவில் வாசித்து, இவ்விதழிலும் வெளியிட வேண்டுமென்று சிலர் விரும்பினர். பெயரைச் சொல்லப் போவதில்லையே, எண்ணிக்கைதானே என்றனர். நாம் உடன்படவில்லை. ஊர் பெரிதாக இருந்தால் எண்ணிக்கை வெறும் எண்ணிக்கை. ஒரு சந்துக்குள் 'ஒருவர்' என்று சொன்னாலே அந்த ஒருவர் யாரென்று அன்று மாலைக்குள் எல்லார்க்கும் தெரிந்துவிடும். பாயை விரித்து உட்காரவைத்தவரின் மகள் கலியாணத்தை நம் புள்ளிவிவரம் கெடுத்துவிடக் கூடாது. அந்த நோட்டுப் புத்தகங்கள் இப்போது பெண் உறுப்பினர் இருவரின் பொறுப்பில் இருக்கின்றன. இக்கட்டுரையில் எண்ணிக்கை எதுவும் காணாமைக்குக் காரணம் இதுவே என்பதை வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக.

அதன்பின் பணத்தைப் பற்றிய விவாதம். கண் முகாம் வேண்டுமென்றவர்கள் தங்கள் பக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. சந்திலேயே கண்ணாடி கேட்டவர்களும் இருந்தார்கள் என்பது உண்மை. வெகுநேரம் பேசியபின், பந்தலையும் பொன்னாடையையும் விட்டுவிட்டு, மிஞ்சும் பணத்தில் ஒரு பாதியைக் கண்ணாடிக்கும், மறுபாதியை ஆஸ்பத்திரித் துணைக்கும் ஒதுக்குவதென முடிவாயிற்று. தமிழும் இந்தியும் மராத்தியும் பேசத் தெரிந்த பெண்கள், வாரத்தில் இரண்டு நாள், மூதாட்டியருடன் ஆஸ்பத்திரிக்குச் சென்று உடனிருப்பார்கள். அவர்களுக்கு வண்டிச்செலவும் அன்றைய கூலி இழப்பும் சங்கம் தரும். கூலி எதற்கு, தொண்டாகச் செய்யலாமே என்று ஒருவர் கேட்டார். தையல் வேலையை விட்டுவிட்டு நாள் முழுதும் வரிசையில் நிற்பவளிடம் தொண்டைப் பற்றிப் பேசுவதற்கு முன், கேட்டவர் தம் ஒரு நாள் சம்பளத்தை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

அந்த ஆச்சி முதல் துணையுடன் சென்று வந்துவிட்டார். டாக்டர் பரிசோதித்து, அறுவைச் சிகிச்சை செய்யலாமா, அதற்குமுன் வளையம் ஒன்று பொருத்திப் பார்க்கலாமா என்று ஆராய்ந்து, இரத்தத்தைப் பெருக்க மருந்து கொடுத்து, மீண்டும் வருமாறு நாள் குறித்திருக்கிறார். இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள் என்று 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புக் கூறுகிறது. அது 15 முதல் 49 வயது வரையுள்ளவர்களின் கணக்கு. ஆச்சி அதிலும் இல்லை. செலவைப் பற்றி வீட்டார் அஞ்சினர். எழுபது வயது நிறைந்தோர் எவராயினும், வருமானம் பாராமல், ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை 'ஆயுஷ்மான் பாரத்' திட்டத்தில் சிகிச்சை பெற 2024 அக்டோபர் முதல் வழியுண்டு. ஆதார் அட்டை இருந்தால் பதிந்துகொள்ளலாம். ரேஷன் கார்டு ஊரிலிருப்பது தடையன்று. உங்கள் இல்லத்திலும் அவ்வயதினர் இருப்பின் பதிந்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

துணைக்குச் செல்ல இயலாத நாட்களுக்கென ஓர் அட்டை அச்சிட ஏற்பாடாகியிருக்கிறது. ஒருபுறம் தமிழ், மறுபுறம் இந்தியும் மராத்தியும். மூதாட்டி தமிழ்ச் சொல்லின்மேல் விரலை வைத்துக் காட்டினால் போதும்; எழுத்தறியாதவர்க்குச் சொற்களின் பக்கத்தில் சிறு படமும் உண்டு. எரிச்சலுக்கு 'ஜலன்', தலைசுற்றலுக்கு 'சக்கர்', வீக்கத்துக்கு 'சூஜன்', அரிப்புக்கு மராத்தியில் 'காஜ்' என்று பல சொற்கள் சேர்ந்துவிட்டன. வெள்ளைப்படுதலுக்கு மராத்திப் பெண்கள் 'அங்காவர் பாண்டரே ஜாணே' என்பதைப் பக்கத்துச் சந்து மராத்தி அம்மையார் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். அவர் வீட்டிலும் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன என்று சொல்லி, எங்களை அழைத்தும் இருக்கிறார். குடைச்சலுக்கு மட்டும் மனநிறைவான சொல் இன்னும் அகப்படவில்லை. அறிந்த அன்பர்கள் சங்கத்துக்கு எழுதலாம். வருகிற ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மராத்தி அம்மையாரின் சந்து.